பச்சை வேறு, தீவனம் வேறு: சுரங்கம் முடிந்த நிலத்தை மேய்ச்சலாக்குவது குறித்து

1. ஒரு சிறிய உத்தரவு

ஒடிசாவின் கியோஞ்சர், சுந்தர்கர், மயூர்பஞ்ச் மாவட்டங்களில் அனுமதியை மீறித் தாது வெட்டியெடுக்கப்பட்டதை எதிர்த்து 'காமன் காஸ்' அமைப்பு 2014இல் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கு இன்றும் பேசப்படுவது 2017 ஆகஸ்ட் 2 தீர்ப்புக்காக. உரிய அனுமதியில்லாமல் எடுத்த தாதுவின் முழு மதிப்பையும் குத்தகைதாரரே கட்ட வேண்டும் என்று அத்தீர்ப்பு சொன்னது. அதே வழக்கில் 2020 ஜனவரி 8 அன்று தலைமை நீதிபதி எஸ். ஏ. பாப்டே தலைமையிலான அமர்வு பிறப்பித்த சிறிய உத்தரவு ஒன்று உண்டு. சில பத்திகளே கொண்ட அது அவ்வளவு கவனம் பெறவில்லை.

சுரங்க வேலையால் நிலத்தின் புல் முழுவதுமாக அழிகிறது; புல்லுண்ணிகளுக்குத் தீவனம் இல்லாமல் போகிறது; ஆகவே வேலை முடிந்ததும் சுரங்கப் பகுதியிலும் அதனால் கெட்ட மற்ற இடங்களிலும் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வளரத்தக்க நிலைக்கு நிலத்தைக் கொண்டுவர வேண்டும். இந்த நிபந்தனையைச் சுரங்கக் குத்தகை, சுற்றுச்சூழல் அனுமதி, சுரங்கத் திட்டம் மூன்றிலும் சேர்க்குமாறு ஒன்றிய அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. செலவு குத்தகைதாரருடையது. நிபந்தனை நிறைவேறுவதை உறுதிசெய்யும் வழிமுறைகளை வகுப்பது அரசின் பொறுப்பு. அடுத்த வாரமே சுற்றுச்சூழல் அமைச்சகம் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அதுமுதல் சுரங்கங்களுக்கான சுற்றுச்சூழல் அனுமதிகளில் இந்த வாசகம் இடம்பெற்று வருகிறது.

ஆனால் எவ்வளவு புல், என்ன புல், யாருடைய மாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று அந்த வாசகத்தில் எதுவும் இல்லை. புல் முளைத்தால் போதுமா, அல்லது அது மேய்ச்சலாக வேண்டுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது என்பதும், அதைக் கடக்க மண்ணறிவு மட்டும் போதாது, நிலத்தின் மீதான உரிமையும் தெளிவாக வேண்டும் என்பதும் என் நிலைப்பாடு.

2. எல்லாக் குழியும் ஒன்றல்ல

முதலில் ஒரு நடைமுறைத் தடை. நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் அதிகமான மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. ராட்சத மண்வெட்டி இயந்திரங்கள் ஒருபுறம் வெட்டிக்கொண்டே முன்னேற, வெட்டிய மண் பட்டைகள் வழியே போய் மறுபுறம் குழியை நிரப்புகிறது. அங்கே சுரங்கம் நகர நகரப் பின்னால் நிலம் பிறக்கிறது. அந்த நிலத்தில் புல்லோ நெல்லோ மரமோ எதை வளர்ப்பது என்று பேசுவதற்கு இடமுண்டு.

அரியலூரின் கதை வேறு. வெட்டிய சுண்ணாம்புக்கல் சிமெண்டாகி ஊரைவிட்டே போய்விடுகிறது. குழியை நிரப்பும் அளவுக்கு மண் மிஞ்சுவதில்லை. மழைநீர் தேங்கிக் குழி ஏரியாகிறது. கருங்கல் குவாரிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செங்குத்தான பாறைச் சுவரில் புல் வளர்க்கச் சொல்வது காகிதத்துக்கு மட்டும் பொருந்தும். 2020 உத்தரவோ எல்லாச் சுரங்கத்தையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. நிரப்பக்கூடிய குழி, கழிவு மண் மேடு, சுரங்கத்தைச் சுற்றி லாரித் தூசியிலும் சாலையிலும் கெட்ட நிலம் என்று பிரித்து, மேய்ச்சல் எங்கே சாத்தியம் என்பதைச் சுரங்கத் திட்டத்திலேயே வரைபடமாகக் காட்டும்படி கேட்டிருந்தால் நிபந்தனைக்கு உயிர் இருந்திருக்கும்.

3. டேராடூன் காட்டிய வழி

சுரங்க நிலத்தை மீட்பதில் நம் நாட்டின் நன்கு பதிவான முயற்சி டேராடூனுக்கு அருகே சகஸ்ரதாராவில் நடந்தது. முசோரி மலைச்சரிவின் சுண்ணாம்புக்கல் குவாரிகள் மீது 1980களில் தொடரப்பட்ட வழக்கு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்ட வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. அங்கே 64 ஹெக்டேர் பரப்புள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்றை மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1984 முதல் சீர்செய்தது.

வேலை நடந்த முறையைக் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து கல்லும் மண்ணும் சரிந்துகொண்டே இருந்தன. அதன் மேல் எதை நட்டாலும் நிற்காது. ஆகவே ஓடைகளில் கம்பி வலைக்குள் கல் அடுக்கிய தடுப்புகள் முதலில் எழுந்தன. சரிவில் சணல் வலை விரிக்கப்பட்டது. வலையின் இடையிடையே நாணல் வகைப் புற்களின் தூர்களும் நொச்சி போன்ற புதர்களின் கிளைத் துண்டுகளும் நடப்பட்டன. சணல் மக்குவதற்குள் வேர் பிடித்தது. கால்நடைகளை உள்ளே விடாமல் காத்தார்கள். புல்லை அறுத்து எடுத்துப்போக மட்டுமே வழி.

பத்து ஆண்டுகளில் கிடைத்த பலன் அந்நிறுவனத்தின் வெளியீடுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்கு 550 டன் என்றிருந்த கல்மண் சரிவு 8 டன்னாகக் குறைந்தது. பருவமழையில் 57 விழுக்காடு ஓடிப்போன நீர் 37 ஆனது. மழை ஓய்ந்தபின் 60 நாளே ஓடிய ஓடை 240 நாள் ஓடியது. பச்சைப் போர்வை 10 விழுக்காட்டிலிருந்து 80க்கு உயர்ந்தது.

இவற்றைப் படிக்கும்போது மகிழ்ச்சி வருவது இயல்பு. ஆனால் இவை எல்லாம் மண்ணையும் நீரையும் பற்றிய அளவுகள். மேய்ச்சல் என்ற பார்வையிலிருந்து கேட்க வேண்டிய கேள்விக்கு, அதாவது எத்தனை மாட்டுக்கு எத்தனை மாதத் தீவனம் என்பதற்கு, இந்த நான்கு எண்களிலும் விடை இல்லை. டேராடூன் அறிஞர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களுடைய நோக்கம் சரிவை நிறுத்துவது, அதைச் சாதித்தார்கள். சரிவை நிறுத்தியதற்கான சான்றை மேய்ச்சல் கிடைத்ததற்கான சான்றாகப் பின்னால் வருபவர்கள் காட்டுவதுதான் பிழை.

4. மண் செத்துக் கிடக்கும் விதம்

கழிவு மண் மேட்டை மண் என்று சொல்வதே ஒரு சலுகை. பல மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்து விழுந்த பொருள் அது. வெயிலையும் வேரையும் அதுவரை அறியாதது. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. கந்தகம் கலந்த கனிமம் இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலமாகும். லாரிகளும் புல்டோசர்களும் ஏறி இறங்கியதில் கெட்டித்துப்போய், மழைநீர் உள்ளே இறங்காமல் மேலோடு வழிந்துவிடும்.

வெட்டத் தொடங்கும்போதே மேலுள்ள வளமண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும் என்ற விதி பல நாடுகளில் உண்டு, இங்கும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் உயரமாகக் குவித்து வைத்த வளமண், திரும்பப் பரப்பும்போது பெயரளவில்தான் வளமண்ணாக இருக்கிறது. குவியலின் உள்ளே காற்றில்லை. விதைகள் அழுகிப்போகின்றன, வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள் மடிகின்றன. எடுத்த மண்ணைக் குவிக்காமல், நிரப்பி முடித்த பகுதியில் உடனே பரப்புவதே நல்லது.

இன்னொரு பொறி காலத்தைப் பற்றியது. உரமிட்டு விதைத்த முதல் ஆண்டில் புல் செழித்து நிற்கும். புகைப்படம் எடுப்பதும் அறிக்கை அனுப்புவதும் பெரும்பாலும் அப்போதுதான். அடுத்த சில ஆண்டுகளில் காய்ந்த தாளும் வேரும் மக்காமல் மண்ணின் மேல் கிடக்கும், ஏனெனில் மக்கச் செய்யும் உயிர்கள் அங்கே இன்னும் குடியேறவில்லை. தழைச்சத்து அந்தத் தாளுக்குள்ளேயே சிறைப்பட, புல் மெலிகிறது. முயல் மசால் போன்ற பயறுவகைத் தீவனத்தைப் புல்லோடு கலந்து விதைப்பது இதற்காகத்தான். புல் வேரூன்றியபின் அளவோடு விடும் மாடும் இங்கே உதவி: அதன் வயிறு தாளை உடைக்கிறது, சாணம் மண்ணுக்குச் சத்தைத் திருப்பித் தருகிறது. முதல் ஆண்டுகளில் மாடு நிலத்துக்கு எதிரி; பிறகு அதுவே மீட்பின் ஒரு கருவி. நம் சுரங்க மூடல் திட்டங்கள் பெரும்பாலும் முதற்பாதியை மட்டும் அறிந்திருக்கின்றன. கம்பி வேலியோடு அவற்றின் கற்பனை நின்றுவிடுகிறது.

5. சரிவைப் பிடித்த புல், மாட்டைக் கெடுத்த புல்

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப்பகுதியிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. அங்கே 1977இல் ஒரு சட்டம் வந்தது. மேற்பரப்பு நிலக்கரிச் சுரங்கம் வெட்டியவர் நிலத்தை ஏறத்தாழ பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, நிலையான பயிர்ப்போர்வையை உண்டாக்க வேண்டும். அதுவரை பிணைத்தொகை அரசிடம் இருக்கும். மழை மிகுந்த பகுதிகளில் ஐந்து ஆண்டும் வறண்ட பகுதிகளில் பத்து ஆண்டும் பொறுப்பு நீடிக்கும்.

நிறுவனங்கள் இதற்குக் கண்ட எளிய வழி: புல்டோசரால் அழுத்திச் சமப்படுத்து, விரைவில் முளைக்கும் புல்லை விதை, 'மேய்ச்சலும் வைக்கோலும்' என்று நிலப் பயனை எழுதிக் கொடு. அதற்கு வாகாகக் கிடைத்தது 'கென்டக்கி 31' என்ற ஃபெஸ்கியூப் புல். 1931இல் கென்டக்கிப் பல்கலைக்கழக வேளாண் அறிஞர் ஒருவர் மலைச்சரிவுப் பண்ணை ஒன்றில் அதைக் கண்டெடுத்தார். 1943இல் அது விவசாயிகளுக்கு வெளியிடப்பட்டது. வறட்சி தாங்கும், மோசமான மண்ணிலும் வேர்பிடிக்கும், குளிரிலும் பச்சையாக நிற்கும். சுரங்க மேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான புல் இல்லை என்றே எண்ணத் தோன்றும்.

அந்தத் தாங்குதிறனின் ரகசியம் 1970களில் வெளிப்பட்டது. புல்லின் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பூஞ்சை வாழ்கிறது. புல்லைக் காக்கும் அதே பூஞ்சை சுரக்கும் பொருள் மாட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. கோடையில் உடல் வெப்பம் தணியாமல் மாடுகள் மேயாமல் குட்டையில் போய் நிற்கும், எடை ஏறாது, சினை பிடிப்பது குறையும், கடுங்குளிரில் குளம்பும் வால்நுனியும் அழுகும் அளவுக்குப் போகும். சட்டத்தின் பார்வையில் நிலம் மீண்டுவிட்டது. மாட்டின் பார்வையில் மீளவில்லை. போதாக்குறைக்கு, மேய்ச்சல் என்று எழுதிக்கொடுத்த பல மேடுகளில் மேய மாடே வரவில்லை. கென்டக்கி மாநிலம் 1997 முதல் 2002 வரை மேற்கு மாநிலங்களிலிருந்து 1,500க்கும் மேற்பட்ட எல்க் மான்களைக் கொண்டுவந்து இத்தகைய பகுதிகளில் விட்டது.

இங்கே ஒரு மறுப்பையும் கேட்க வேண்டும். அப்பலாச்சியா காட்டு நிலம். அங்கே புல் விதைத்ததே பிழை என்கிறார்கள் காட்டியல் அறிஞர்கள். 2004இல் தொடங்கிய ஒரு கூட்டு முயற்சி, கெட்டித்த மேடுகளை ஆழ உழுது மரம் வளர்க்க வழிசெய்து வருகிறது. அந்த மறுப்பு அங்கே சரி. நம் வறண்ட சமவெளிகளுக்கு அதை அப்படியே பொருத்தினால் தலைகீழாகிவிடும். புல்வெளியை வெற்று நிலமாகப் பார்த்து, கன்றுகளை நட்டு, எண்ணிக்கையைக் கணக்குக் காட்டும் பழக்கம் இங்கே ஊறிப்போனது. நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பதே இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டிய கேள்வி.

புல்லைத் தேர்வதில் நமக்கு அயலூர் வேண்டியதில்லை. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் தோட்டங்களில் மாடுகள் தலைமுறைகளாக மேய்ந்துவரும் கொழுக்கட்டைப்புல் இதே வேலைக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து நிலக்கரி மேடுகளில் விதைக்கப்படுகிறது. அங்கே அது வந்தேறி, காட்டுத்தீயைப் பெருக்குகிறது என்று சூழலியலாளர்கள் எதிர்க்கிறார்கள். இங்கே அது மண்ணின் புல். நாட்டுப்புல்லை வீட்டில் வைத்துக்கொண்டு, சுரங்க மேட்டில் சீமைக்கருவேலம் தானாக ஏறுவதைப் பசுமை என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

6. எதை அளப்பது

பச்சைப் போர்வையின் விழுக்காட்டை வானிலிருந்து அளந்துவிடலாம். மாடு தொடாத ஊசிப்புல்லும் அதில் பச்சைதான். அமெரிக்க விதிகளில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்கது இங்கே இருக்கிறது: மேய்ச்சலுக்கென்று மீட்கும் நிலத்தில் போர்வையோடு விளைச்சலையும் காட்ட வேண்டும், வெட்டப்படாத பக்கத்து நிலத்தையோ வகுத்துத் தந்த அளவையோ அது எட்ட வேண்டும். அதாவது புல்லை அறுத்து, உலர்த்தி, எடை போட வேண்டும்.

கணக்கு கடினமல்ல. 300 கிலோ எடையுள்ள மாடு நாளுக்கு ஏறத்தாழ ஆறரைக் கிலோ உலர்தீவனம் தின்னும்; ஆண்டுக்கு 2.4 டன்னை ஒட்டி வரும். ஹெக்டேருக்கு 3 டன் உலர்புல் விளைகிறது என்று வைத்துக்கொண்டால், மண்ணைக் காக்கப் பாதியை விட்டுவிட்டு மீதியையே மேய விடலாம். ஒரு மாட்டுக்கு ஒன்றரை ஹெக்டேருக்கும் மேல் வேண்டும். பல நூறு ஹெக்டேர் வெட்டிய சுரங்கம் எத்தனை மாட்டின் வாயைத் திருப்பித் தந்திருக்கிறது என்பதை இப்படி ஒரே எண்ணில் கேட்கலாம்.

எடைக்கு மேலும் ஒரு சோதனை தேவைப்படுகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஹைலேண்ட் வேலி செம்புச் சுரங்கத்தின் கழிவுப் பரப்பில் வளர்ந்த தீவனத்தில் மாலிப்டினம் மிகுந்திருந்தது. மாட்டின் முதல் இரைப்பையில் மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்து செம்பைப் பிடித்துக்கொள்ளும். தீவனத்தில் நிறையச் செம்பு இருந்தும் மாடு செம்புப் பற்றாக்குறையால் வாடும். செம்பு மாலிப்டினத்தைவிட இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொது அளவு. அங்கே அதற்கு மிகவும் கீழே. மாடுகளை உண்மையிலேயே மேயவிட்டுப் பார்த்தபோது பாதிப்பு அஞ்சிய அளவுக்கு இல்லை. புல்லைப் பார்த்தும் ஆய்வுக்கூடத்து எண்ணைப் பார்த்தும் அதை முடிவுசெய்திருக்க முடியாது. செம்பு, குரோமியம், யுரேனியம் போன்ற சுரங்க மேடுகளில் இச்சோதனை இல்லாமல் மாட்டை விடுவது, அந்த மாட்டின் பாலைக் குடிப்பவர்களிடம் சோதனை நடத்துவதாகும்.

ஆஸ்திரேலியாவின் ஹன்டர் பள்ளத்தாக்கிலும் நிலக்கரி வெட்டி மீட்ட நிலத்தில் காளைகளை மேயவிட்டு எடை பார்த்தார்கள். பக்கத்து மேய்ச்சலில் இருந்தவற்றைவிட மீட்ட நிலத்துக் காளைகள் நன்றாகவே எடை ஏறின. சுரங்க நிறுவனங்கள் இம்முடிவை உற்சாகமாக எடுத்துக்காட்டுவது வழக்கம். புதிதாக விதைத்த மேய்ச்சலை நெடுங்காலம் மேயப்பட்ட இயல்பான புல்வெளியோடு ஒப்பிடும்போது இந்தச் சாய்வு இருக்கும் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இருபது ஆண்டு கழித்தும் அதே எடை ஏறுமா என்பதே வாதத்துக்குரியது.

7. யாருடைய மாடு

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடு 19 கோடிக்கும் மேல், எருமை ஏறத்தாழ 11 கோடி. நிலையான மேய்ச்சல் நிலம் என்று அரசுக் கணக்கில் இருப்பது சுமார் 1 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டில் அது சுமார் 1.1 லட்சம் ஹெக்டேர்தான். ஆடுமாடு வளர்ப்போரில் பெரும்பகுதியினர் நிலமற்றோரும் சிறு விவசாயிகளும். அவர்களுடைய ஆட்டுக்கு மேய்க்கால் புறம்போக்கும் ஏரிக்கரையும் அறுவடை முடிந்த வயலும்தான் போக்கிடம். சுரங்கம் வரும்போது பட்டா நிலத்துக்குக் குறைவாகவேனும் இழப்பீடு பேசப்படுகிறது. புறம்போக்கில் மேய்ந்த ஆட்டுக்குப் பட்டா இல்லை. ஆகவே அதன் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பொது நிலத்தின் அருமையை உச்ச நீதிமன்றம் அறியாததல்ல. பஞ்சாபின் ரோகர் ஜாகிர் ஊர்க் குளத்து ஆக்கிரமிப்பு தொடர்பான ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொது நிலங்களை மீட்டு ஊராட்சியிடம் ஒப்படைக்கும்படி 2011 ஜனவரி 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் அது ஆணையிட்டது. இந்தத் தீர்ப்பையும் 2020 உத்தரவையும் சேர்த்துப் படித்தால், புல் வளர்த்த சுரங்க நிலம் ஊரின் மேய்ச்சலாகத் திரும்ப வேண்டும் என்று வாதிட நல்ல இடமுண்டு. எனக்குத் தெரிந்தவரை இரண்டையும் யாரும் சேர்த்துப் படிக்கவில்லை.

கொரங்காட்டின் பாடமும் இங்கே வருகிறது. முள்கிளுவை வேலி சூழ்ந்த அந்த மேய்ச்சல் தோட்டம் நீடிப்பதற்குப் புல்லும் வெள்வேல மரமும் மட்டுமா காரணம்? எப்போது மாட்டை விடுவது, எப்போது அடைப்பது என்று முடிவுசெய்ய ஒருவர் இருக்கிறார். அந்த முடிவின் பலனும் அவருக்கே. சுரங்க மேட்டில் அந்த இடம் காலியாக இருக்கிறது. நிறுவனத்துக்கு மாடு தேவையில்லை. ஊருக்கு உரிமை இல்லை. ஊராட்சியும் கால்நடை வளர்ப்போர் சங்கமும் சேர்ந்த ஒரு குழுவுக்கு, சுரங்க மூடலுக்காகப் பிணையாக வைத்த நிதி உறுதித்தொகை நிறுவனத்துக்குத் திருப்பித் தரப்படும் முன்பே, மேய்ச்சல் உரிமையை எழுத்தில் தர வேண்டும். சுரங்க விதிகளின் 2021 திருத்தத்துக்குப் பின் பெரிய சுரங்கங்களுக்கு ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் என்றிருக்கும் அந்த உறுதித்தொகையில் ஒரு பகுதியை, தீவன எடை தொடர்ந்து சில ஆண்டுகள் குறையாமல் நின்றபின் மட்டுமே விடுவிக்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2020இல் நீதிமன்றம் கேட்ட 'வழிமுறைகள்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே இது அடங்கும்.

காற்று வீசுவது வேறு திசையில். நிலக்கரி தாங்கிய நிலங்களைக் கையகப்படுத்தும் 1957 சட்டத்தின் கீழ் எடுத்து, வெட்டி முடித்த நிலங்களை என்ன செய்வது என்பதற்கான கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. நிலக்கரி கழுவும் ஆலை, ரயில் தடம், அனல் மின் நிலையம், சூரிய மின் நிலையம் உள்ளிட்ட மின் திட்டங்கள், இடம்பெயர்ந்தோர் குடியமர்வு, ஈடுசெய் காடு வளர்ப்பு என்று அனுமதிக்கப்பட்ட பயன்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. நிலத்தின் உடைமை அரசு நிறுவனத்திடமே இருக்கும். அந்த வரிசையில் மேய்ச்சல் நிலம் இல்லை.